ரெண்டு பேருக்கும் பென்சன்தான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

போன வாரம் வங்கிக்குப் போயிருந்தேன். நான் போனாலே பணம் எடுக்கிற சீட்டை நிரப்பித் தரச் சொல்லி நாலு பேர் வருவார்கள். முப்பத்து நாலு வருஷம் டீச்சராக இருந்த முகம் அப்படி. அன்றைக்கு எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அப்பாயி வந்தார். எண்பதை நெருங்கும் வயது. பாஸ்புத்தகத்தை நீட்டி, "ஏத்தா டீச்சரு, எம் பென்சன் ஏறியிருக்கான்னு பாரு" என்றார். ஏறியிருந்தது. 1,200 ரூபாய். முழுசாக எடுக்கச் சொன்னார். சீட்டை எழுதிக் கொடுத்ததும் என் கையில் இருந்த சீட்டைப் பார்த்துக் கேட்டார்: "ஒனக்கும் பென்சன்தான? எம்புட்டு வருது?"

என்னால் தொகையைச் சொல்ல முடியவில்லை. "வருது அப்பாயி, ஏதோ வருது" என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. "எனக்கும் பென்சன், ஒனக்கும் பென்சன். ரெண்டு பேருக்கும் கவர்மெண்டு காசுதான்" என்று சிரித்துக்கொண்டே வரிசையில் போய் நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் காதில் நின்றுகொண்டே இருந்தது. ஒரே சொல், ஒரே கருவூலம். பிறகு ஏன் இரண்டும் இவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? வகுப்பில் வரலாறு நடத்தியவள் என்பதால் பழைய குறிப்புகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் பலன்தான் இந்தப் பதிவு.

ஒரு உயிர் தாங்குவதற்கு எவ்வளவு போதும் என்று அரசாங்கம் உட்கார்ந்து கணக்குப் போட்ட கதை நம் மண்ணில் தாது வருஷப் பஞ்சத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. வைஸ்ராய் லிட்டன், செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை இங்கே அனுப்பினார். இந்த டெம்பிளின் முன்கதை தெரிந்தால்தான் விஷயம் புரியும். 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இவர் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவைப் பெரும்பாலும் தடுத்தார். அதற்குக் கிடைத்த பரிசு, "வீண் செலவு செய்தவர்" என்ற ஏச்சு. அந்தப் பெயரைத் துடைக்கும் முனைப்போடு சென்னைக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓரணா என்று குறைத்துவிட்டார். பெண்ணுக்கும் குழந்தைக்கும் இன்னும் குறைவு.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர் இதை எதிர்த்து எழுதினார். உழைக்கிற உடம்புக்கு இது போதாது, பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். கடைசியில் அளவு ஒன்றே கால் ராத்தலாகவும் கொஞ்சம் பருப்பாகவும் உயர்ந்தது. கார்னிஷ் கேட்டதில் பாதி வழிதான் வந்தார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயை அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவில் இணைத்த வேலை இந்தப் பஞ்ச காலத்தில் நடந்ததுதான். அந்தப் பக்கம் போகும்போது நாற்றத்துக்கு மூக்கைப் பிடிப்போம். ஒரு ராத்தல் தானியத்துக்கு மண் சுமந்தவர்களை நினைப்பதில்லை.

பஞ்சம் முடிந்ததும் ஒரு கமிஷன் போட்டார்கள். 1880இல் அதன் அறிக்கை வந்தது. அதில் ஒரு வாதம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பஞ்ச காலத்தில் உதவி கேட்பது ஏழையின் உரிமை என்று ஒத்துக்கொண்டால், நாளைக்கு எல்லாக் காலத்திலும் அது உரிமை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அது பொதுவான ஏழையர் சட்டத்தில் கொண்டுபோய் விடும் என்பது அவர்கள் பயம். கொடுக்கலாம், ஆனால் உரிமை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதே 1876இல்தான் பம்பாயில் தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமை பற்றிய தன் கட்டுரையைப் படித்தார். 1867–68ஆம் ஆண்டின் விளைச்சலையும் விலையையும் வைத்து, இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் தலைக்கு 20 ரூபாய் என்று கணக்கிட்டார். பிறகு, உயிர் வாழ எவ்வளவு தேவை என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்களைப் பாருங்கள். ஒன்று, கடல் கடந்து போகும் கூலிகளுக்குக் கப்பலில் கொடுக்க அரசு மருத்துவரே பரிந்துரைத்த உணவு. மற்றொன்று, சிறைக் கைதிக்கு அரசு செய்யும் சோற்றுச் செலவும் துணிச் செலவும். கைதியின் செலவு அந்த 20 ரூபாயைவிட அதிகமாக இருந்தது. சிறைக்கு வெளியே இருப்பவன் உள்ளே இருப்பவனைவிடக் குறைவாகத் தின்கிறான் என்பதை வெள்ளைக்காரனின் கணக்குப் புத்தகத்தை வைத்தே காட்டிவிட்டார். எட்டாம் வகுப்பில் நௌரோஜியை "இந்தியாவின் முதுபெரும் மனிதர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். இந்தக் கைதிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்கு மறந்திருக்காது. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விடுதலைக்குப் பிறகு அரசியலமைப்பின் 41ஆம் பிரிவில் முதுமை, நோய், வேலையின்மைக்கு அரசு உதவ வேண்டும் என்று எழுதினார்கள். கூடவே "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்றும் சேர்த்தார்கள். அது வழிகாட்டு நெறி. நீதிமன்றத்தில் போய்க் கேட்க முடியாது. 1880ஆம் ஆண்டு பயம் முழுசாகப் போய்விடவில்லை என்று எனக்குத் தோன்றும்.

உத்தரப் பிரதேசம் 1957இல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் காமராஜர் முதல்வராக இருந்தபோது 1962 ஏப்ரல் 1 முதல். மாதம் 20 ரூபாய்.

அதே 1962இல் ஜூலை மாதம் டெல்லியில் இன்னொரு வேலை நடந்தது. திட்டக் குழு தொடர்பாக கூடிய அறிஞர் குழு ஒன்று, நாட்டில் ஒருவர் குறைந்தபட்சமாக வாழ எவ்வளவு வேண்டும் என்று வரையறுத்தது. டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ், அசோக் மேத்தா, மினூ மசானி எல்லாம் அதில் இருந்தார்கள். கட்சி, கொள்கை எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒரு எண்ணில் ஒத்துப்போனார்கள். 1960–61 விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய். ஐந்து பேர் குடும்பத்துக்கு நூறு. நகரத்துக்கு 25. படிப்பும் வைத்தியமும் இந்த 20 ரூபாயில் சேரவில்லை. அவற்றை அரசு தரும் என்று விட்டுவிட்டார்கள்.

இங்கே 20, அங்கே 20. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதல்ல. தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். ஆனாலும் கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் சொல்வார்: அந்த ஒரு வருஷம், சென்னை ராஜ்ஜியத்தில் ஆதரவில்லாத ஒரு கிழவிக்குக் கிடைத்த காசும், நாட்டின் பெரிய மூளைகள் உயிர் வாழப் போதும் என்று சொன்ன காசும் சரிசமமாக இருந்தன.

ஆனால் யாருக்குக் கிடைத்தது? அதில்தான் வில்லங்கம். சொத்து இருக்கக் கூடாது. வருமானம் இருக்கக் கூடாது. தாங்குவதற்கு வளர்ந்த மகனோ பேரனோ இருக்கக் கூடாது. பிறகு வந்த திட்டங்களைப் பாருங்கள். 1974இல் மாற்றுத்திறனாளிகள், 1975இல் விதவைகள், 1981இல் விவசாயத் தொழிலாளர்கள், 1986இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்கள். ஒவ்வொன்றும் நல்ல திட்டம். ஆனால் எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரே சொல் ஒட்டியிருந்தது: "ஆதரவற்ற."

நான் 1985இல் வேலைக்குச் சேர்ந்தேன். புதுக்கோட்டைப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஆசிரியர் பயிற்சி முடித்த சூடு இன்னும் ஆறாத வயது. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலையில் வந்தது எல்லோருக்கும் தெரியும். 1983 ஜனவரியிலிருந்து முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களும் அங்கே சாப்பிடலாம் என்று ஆனது பலருக்கு மறந்திருக்கும். எங்கள் பள்ளி மையத்துக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். பதினொரு மணிக்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு வராண்டா ஓரத்தில் அவர்களுக்குத் தட்டு விழும். அதில் ஒரு தாத்தா எப்போதும் பாதிதான் சாப்பிடுவார். மீதியைத் தூக்குவாளியில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டு கிளம்புவார். வீட்டில் கிழவி. பென்சன் அட்டை அவருக்குத்தான், அவர் பெண்டாட்டிக்கு இல்லை. சாப்பாட்டை வெளியே கொண்டு போகக் கூடாது என்பது விதி. சமைக்கிற ஆயா அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் கரும்பலகையைத் துடைப்பேன்.

அந்த ஊரில் மனு எழுதித் தருவது டீச்சர் வேலையோடு சேர்ந்த வேலை. ஒரு கிழவிக்கு எழுதினேன். புருஷன் செத்து இருபது வருஷம். ஒரே மகன், பிழைப்புக்கு வெளியூர் போனவன், வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருவான். காசு கொடுத்ததில்லை. நான் அப்படியே உண்மையை எழுதினேன்: மகன் இருக்கிறார், கவனிப்பதில்லை. மனு திரும்பி வந்துவிட்டது. மகன் இருக்கிறாரே, பிறகு எப்படி ஆதரவற்றவர் என்று கேட்டார்கள். விதிப்படி அவர்கள் கேட்டது சரி. விவரம் தெரிந்த ஒருவர் என்னிடம், "டீச்சர், நீங்க கட்டுரை எழுதுறீங்க. மனு அப்புடி எழுதக் கூடாது" என்று பாடம் நடத்தினார்.

அடுத்த மனுவில் "ஆதரிக்க எவரும் இல்லை" என்று எழுதினேன். கிழவி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை, கைநாட்டு வைத்தார். ஆறேழு மாதத்தில் பென்சன் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு மகன் வந்தான். மூன்று நாளும் அவனைக் கண்ணில் காணோம். விசாரித்தால், பகலில் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று கிழவி சொல்லிவிட்டாராம். தலையாரி பார்த்துவிட்டால் பென்சன் போய்விடும். ஊர் கூடித் தேர் பார்த்தபோது அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். இருட்டிய பிறகு சாமி கும்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் போனான். என் எழுத்தின் விளைவு அது. நான் எழுதிய எத்தனையோ பாடக்குறிப்பு மறந்துவிட்டது, இந்த ஒரு வரி மறக்கவில்லை.

இனி என் பென்சன் கதை. நம் மாநிலத்தில் அரசு ஊழியர் அல்லாத பள்ளி ஆசிரியர்களுக்கும் 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் வந்தது. அதுவும் காமராஜர் ஆட்சிதான். அதற்கு முன்னால் ஓய்வு பெற்ற வாத்தியார் பழைய மாணவர்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறகு 1982 டிசம்பர் 17ஆம் தேதி, நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓய்வூதியம் என்பது எஜமானன் மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதினார். அந்தத் தேதியைத்தான் வருஷா வருஷம் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். சால்வை போர்த்திக்கொள்கிறோம், சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுகிறோம்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் பெருமை உண்டு. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலை செய்ததற்கான உரிமை என்றால், அந்த அப்பாயி வேலை செய்யவில்லையா? பதினாலு வயதில் நாற்று நடப் போனவர். கதிர் அறுத்து, கடலை பறித்து, செங்கல் சுமந்து அறுபது வருஷம் ஓடியிருக்கிறார். அவர் வேலை செய்த இடத்தில் வருகைப் பதிவேடு இல்லை. எனக்கு இருந்தது. (2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த தம்பி தங்கைகளைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளியது தனிக் கதை. அதை இங்கே இழுத்தால் இன்னும் பத்துப் பக்கம் போகும்.)

வறுமைக் கோட்டின் கதைக்குத் திரும்புகிறேன். 1971இல் தண்டேகர், ரத் என்ற இருவர் கலோரியை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 2,250 கலோரி சாப்பிட 1960–61 விலையில் கிராமத்தில் 15 ரூபாய், நகரத்தில் 22 ரூபாய் 50 காசு. பிறகு 1979இல் அலாக் தலைமையில் ஒரு குழு. கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100. 1973–74 விலையில் 49 ரூபாய் 9 காசு, 56 ரூபாய் 64 காசு. அந்த 9 காசைப் பாருங்கள். எவ்வளவு கறாரான கணக்கு! கலோரி பார்க்கத் தொடங்கியதும் நாம் டெம்பிளின் தராசுக்கே திரும்பிவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் அவ்வளவு கடுமையாகச் சொல்லவும் மனமில்லை. தண்டேகரும் ரத்தும் ஏழைகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காக எண்ணவில்லை, எண்ணிக் காட்டி அரசைக் கேள்வி கேட்பதற்காக எண்ணினார்கள்.

மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15இல்தான் இந்த வேலைக்குள் வந்தது. 65 வயதான ஆதரவற்றவர்களுக்கு மாதம் 75 ரூபாய். 2001இல் ஒரு பெரிய திருப்பம். கிடங்குகளில் தானியம் மலையாகக் கிடக்க, மக்கள் பட்டினி கிடப்பதா என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி வந்த உத்தரவு, மதிய உணவோடு முதியோர் ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பேசியது. ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்றது. அதுவரை மணியார்டர் எப்போது வரும் என்று கிழவிகள் வாசலில் காத்திருப்பார்கள். மூன்று மாதப் பணம் சேர்ந்து வரும். வந்தவருக்குக் காபி செலவும் கொடுக்க வேண்டும். ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தது சின்ன விஷயமல்ல. 1880 கமிஷன் பயந்த வாசலை அந்த உத்தரவு கொஞ்சம் திறந்தது.

2007இல் மத்தியத் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்து, "ஆதரவற்ற" என்பதை எடுத்துவிட்டு "வறுமைக்கோட்டுக்குக் கீழ்" என்று போட்டார்கள். மகனை ஒளித்து வைக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது? 2002இல் பதிமூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க், மொத்தம் 52. எத்தனை துணி இருக்கிறது, இரண்டு வேளை சாப்பாடு உண்டா, கழிப்பறை உண்டா என்று கேள்விகள். குறைந்த மார்க் எடுத்தவர் தேர்ச்சி! நான் பார்த்த தேர்வுகளிலேயே பிள்ளைகள் தோற்றால்தான் பாஸ் என்ற தேர்வு இது ஒன்றுதான். இதிலும் காப்பி அடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், உண்மையை எழுதித் தோற்றவர்களும் இருந்தார்கள்.

75 ரூபாய் 200 ஆனது. 2011இல் வயது வரம்பு 65லிருந்து 60 ஆனது, எண்பது வயது தாண்டியவர்களுக்கு 500. நல்லது. ஆனால் அந்த 200 ரூபாய் அதற்குப் பிறகு நகரவே இல்லை. 2017இல் ஜீன் டிரேஸ் உள்ளிட்ட அறுபது பொருளாதார அறிஞர்கள், 200ஐ 500 ஆக்குங்கள் என்று நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகும் எழுதினார்கள். இந்தப் பதிவை எழுதும் வரை அது அதே 200தான். நாடு முழுவதும் சுமார் 2.2 கோடிப் பேருக்கு என்று எண்ணிக்கைக்கும் ஒரு மூடி போட்டிருக்கிறார்கள். மீதியை மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து போடுகின்றன.

2011 என்ற வருஷம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில், நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேல் செலவு செய்பவர் ஏழை அல்ல என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நாடே கொதித்தது. அதே வருஷம் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு முதியோர் ஓய்வூதியத்தை 500லிருந்து 1,000 ஆக்கியது. டெண்டுல்கர் முறைப்படி 2011–12இல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கான கோடு மாதம் 880 ரூபாய். ஆக, 1962க்குப் பிறகு மறுபடியும் ஒருமுறை கிழவியின் காசு கோட்டைத் தொட்டு, தாண்டியும் நின்றது. கோடே கருமித்தனமான கோடு என்பது வேறு விஷயம். கொடுத்ததைக் கொடுத்தார்கள் என்று சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம்? அந்த ஆயிரம் பன்னிரண்டு வருஷம் அதே ஆயிரமாக நின்றது. 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு என்ன நடந்தது என்று கணக்குப் போட்டேன். சம்பளமானாலும் ஓய்வூதியமானாலும் அகவிலைப்படி விதி ஒன்றுதான். ஜனவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை, விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து உயரும். யாரும் மனு எழுத வேண்டாம். 2011 ஜூலையில் அகவிலைப்படி 58 விழுக்காடு. அதாவது அடிப்படை 100 ரூபாய் என்றால் கையில் 158. 2016இல் ஊதியக் குழு அந்த 100ஐ 257 ஆக்கியது. 2023 ஜூலையில் அதன்மேல் 46 விழுக்காடு. கையில் 375 ரூபாய். அப்பாயியின் ஆயிரத்துக்கும் இதே விதி இருந்திருந்தால் 2023இல் அது 2,370 ரூபாய் ஆகியிருக்கும். ஊதியக் குழு கொடுத்த கூடுதலைக் கழித்துவிட்டு, விலைவாசி உயர்வை மட்டும் ஈடுகட்டினாலும் 2,080 ரூபாய். கிடைத்தது 1,200. பக்கத்தில் ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 4,000 கொடுக்கிறார்கள். அது எத்தனை வருஷம் அப்படியே நிற்கும் என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கேயும் விலைவாசியோடு தானாக ஏறும் விதி இல்லை. தேர்தல்தான் விதி.

2012இல் அருணா ராய், பாபா ஆதவ் முதலியோர் ஓய்வூதியப் பேரவை என்று அமைத்து டெல்லியில் உட்கார்ந்து கேட்டது இதைத்தான். எல்லா முதியவருக்கும், குறைந்தபட்சக் கூலியில் பாதி, 2,000 ரூபாய்க்குக் குறையாமல், விலைவாசியோடு ஏறும்படி கொடுங்கள் என்றார்கள். அந்தச் செய்தியை நான் அப்போது பேப்பரில் பார்த்தேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். பார்த்திருந்தாலும் புரட்டியிருப்பேன்.

கொரோனா காலத்தில் எங்கள் அகவிலைப்படியை நிறுத்தி வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அனல் பறந்தது. காலையில் எழுந்தால் அதே பேச்சு. நானும் இரண்டு நீண்ட பதிவு போட்டேன், இதே பக்கத்தில் தேடினால் கிடைக்கும். நியாயமான கோபம்தான். ஆனால் தெருக்கோடி அப்பாயிக்கு அப்போது ஒன்பது வருஷமாக நின்றுகிடந்தது. அதைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. நானும்தான்.

நிதி ஆயோக் 2023இல் சொன்ன பல பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 விழுக்காடுதான். அந்தக் கணக்கை நான் பொய் என்று சொல்லவில்லை. சத்துணவும் ரேஷன் அரிசியும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து செய்த வேலை அது, என் சர்வீஸிலேயே கண்ணால் பார்த்தேன். ஆனால் அது வீட்டை எண்ணுகிற கணக்கு. வீட்டில் கரண்ட் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, கேஸ் இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்க்கும். அதே வீட்டின் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்கிற கிழவியை அது தனியாக எண்ணாது. மருமகள் வீட்டு டிவி கிழவியின் கணக்கிலும் ஏறிவிடும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், வங்கியில் பார்த்த அப்பாயிக்கு ஒரு நாத்தனார் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. பின்கட்டு வாசம்தான். பென்சனுக்கு எழுதிப் போட்டது தள்ளுபடி ஆகிவிட்டது. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார், வருமானம் இருக்கிறது என்று காரணம். அவர் அம்மாவுக்குப் பணம் அனுப்புவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். 2007இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மகன் மேல் மனுப் போடலாம், மாதம் பத்தாயிரம் வரை வாங்கித் தரச் சட்டம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். "பெத்தவ கேசு போட்டான்னு நாளைக்கு அவன் புள்ளைக்குப் பொண்ணு குடுப்பாகளா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். எட்டு மணி பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மேல்முறையீட்டு மனுவை நேற்று ராத்திரி எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மகன் பேரு இருக்கா அதுல?" என்றார்.

இருக்கு என்றேன். திருப்பூர் விலாசத்தோடு, அனுப்பாத மாதங்களோடு எழுதியிருக்கிறேன். 1986இல் எழுதியது மாதிரியே நீளமாக வந்திருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேனாவை வாங்கி, மூன்றாம் வகுப்புவரை படித்த கையால் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.